கனடாவின் இளம் ஹாக்கி வீரர்கள்மீது இளவயதுப் புகழ் ஏற்றும் சுமை

டொராண்டோவில் வசிக்கும் தமிழ்த் தந்தை ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. அவருடைய 13 வயது மகன் நகரின் ஏஏஏ அணி ஒன்றில், அதாவது அந்த வயதுக்கான மிக உயர்ந்த பிரிவில், ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். அந்த வயதுப் பிள்ளைகளைத் தரவரிசைப்படுத்தும் இணையதளங்களில் அவன் பெயர் மேலே இருக்கிறது. இளம் வீரர்களின் ஒப்பந்தங்களைக் கவனிக்கும் ஆலோசகர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் தொலைபேசியில் அழைத்துப் பேசியிருக்கிறார். விசேஷ வீடுகளில் உறவினர்கள் அவனை, இன்றைய ஹாக்கியின் பெரிய நட்சத்திரமான கானர் மெக்டேவிட்டை வைத்து, "அடுத்த மெக்டேவிட்" என்று மற்றவர்களுக்கு அறிமுகம் செய்கிறார்கள். பையனோ சில மாதங்களாக ஆட்ட நாள் காலையில் சாப்பிட மறுக்கிறான். ஆட்டம் முடிந்து காரில் ஏறினால் வாய் திறப்பதில்லை. இவ்வளவு சீக்கிரம் வரும் புகழ் பிள்ளையை வளர்க்குமா, முறிக்குமா என்பது அவருடைய கேள்வி.

கேள்வியை நான் மிகவும் அக்கறையோடு எடுத்துக்கொள்கிறேன். கனடிய ஹாக்கியில் இதற்கு ஐம்பது ஆண்டு கால விடை இருக்கிறது. கவனம் கிடைப்பதாலேயே எந்தப் பிள்ளையும் முறிந்துபோவதில்லை. இன்று அவன் ஆடுவதைப் பார்த்து, நாளை அவன் யாராக ஆகியே தீர வேண்டும் என்று பெரியவர்கள் விலை குறித்துவிடும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. அதற்குப் பிறகு அவன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அந்த விலையோடு ஒப்பிட்டுத்தான் பேசுவார்கள். இதைத் தாங்கி வெளியே வந்தவர்களின் வாழ்க்கையைப் பார்த்தால், அவர்களுடைய மனவலிமைக்கு நிகராக இன்னொன்றும் தென்படுகிறது: தக்க நேரத்தில் யாரோ ஒரு பெரியவர் அவர்களைச் சுற்றியிருந்த சத்தத்தைக் குறைத்திருக்கிறார்.

முதலில் இந்த விலை எப்படிக் குறிக்கப்படுகிறது என்று பார்ப்போம். ஒன்டாரியோ, மேற்குப் பகுதி, கியூபெக் ஆகிய மூன்று ஜூனியர் லீக்குகள் சேர்ந்ததே கனடியன் ஹாக்கி லீக். பதினைந்து வயதையொட்டிய பிள்ளைகளை அந்த லீக்குகளின் கிளப்புகள் டிராஃப்ட் முறையில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர் சொல்லி, தேர்ந்தெடுக்கின்றன. தேர்வானவன் பெரும்பாலும் 16 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி, வேறு ஊரில் 'பில்லெட்' குடும்பம் எனப்படும் அறிமுகமில்லாதவர்கள் வீட்டில் தங்கி, பள்ளிக்குப் போய்க்கொண்டே, ஒரு பருவத்துக்கு 68 ஆட்டங்கள் வரை ஆடுகிறான். குளிர்காலம் முழுவதும் பஸ் பயணம். 18 வயதில் வட அமெரிக்காவின் தலைசிறந்த தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லின் டிராஃப்ட். ஊரிலுள்ள கடைக்காரர், ஆசிரியர், பஸ் ஓட்டுநர் எல்லோருக்கும் அவன் முந்தைய இரவு என்ன ஆடினான் என்று தெரியும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் உலக ஜூனியர் போட்டியை இவ்வளவு பேர் உட்கார்ந்து பார்க்கும் நாடு வேறில்லை. அந்தப் போட்டியில் ஆடுபவர்கள் எல்லோரும் இருபது வயதுக்கு உட்பட்டவர்கள்.

தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு இது புரிவது எளிது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு நாளில் மாநில முதலிடம் பெற்ற பிள்ளையின் வாயில் பெற்றோர் இனிப்பு ஊட்டும் படம் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. தேவையற்ற போட்டியையும் மன உளைச்சலையும் கருதி 2017-ல் தமிழக அரசு அந்தத் தரவரிசை அறிவிப்பையே நிறுத்தியது. கனடாவின் ஹாக்கி உலகம் அதற்கு நேர் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருக்கிறது. தரவரிசை வருகின்ற வயது ஆண்டுக்கு ஆண்டு கீழே இறங்குகிறது.

கனடிய ஹாக்கியின் மிகப் பெரிய பெயரான வேய்ன் கிரெட்ஸ்கியின் சிறுவயதுக் கதையைப் பலர் சாதனைக் கதையாக மட்டுமே சொல்கிறார்கள். ஒன்டாரியோவின் பிரான்ட்ஃபோர்ட் நகரில் பத்து வயதில் ஒரே பருவத்தில் 378 கோல் அடித்த பையன் அவர். அந்த வயதிலேயே செய்தியாளர்கள் தேடி வந்தார்கள். கதையின் மறுபாதி கசப்பானது. எதிரணிப் பிள்ளைகளின் பெற்றோர் மட்டுமல்லாமல் சொந்த அணிப் பிள்ளைகளின் பெற்றோரும் அவரைக் கூச்சலிட்டு ஏளனம் செய்தார்கள். 1975 பிப்ரவரியில் டொராண்டோவின் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கில் 'பிரான்ட்ஃபோர்ட் தினம்' நடந்தபோது, சொந்த ஊரைக் கொண்டாட வந்த கூட்டமே அவருக்கு எதிராகக் கூச்சலிட்டது. அப்போது அவருக்கு வயது 14. குடும்பம் அவரை ஊரை விட்டு வெளியே அனுப்ப முடிவு செய்தது. வேறு பகுதியில் போய் ஆடுவதை விதி தடுத்ததால் அதை எதிர்த்து வழக்காடவும் வேண்டியிருந்தது. டொராண்டோவில் வேறொரு குடும்பத்தோடு தங்கி, தம்மைவிட ஆறு வயது மூத்தவர்களும் ஆடும் ஜூனியர் பி பிரிவில் அவர் ஆடினார். முன்னேற்றத்துக்காக எடுத்த முடிவு என்று இதைச் சொல்வது பாதி உண்மைதான். சொந்த ஊரில் மூச்சுவிட முடியாத ஒரு பையனை வெளியே கொண்டுவந்ததும் அதே முடிவுதான்.

ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து நோவா ஸ்கோஷியாவின் கோல் ஹார்பரில் இதே காட்சி மீண்டும் நடந்தது. பின்னாளில் பெரிய நட்சத்திரமான சிட்னி கிராஸ்பிக்குப் பத்திரிகைப் பேட்டி ஏழு வயதிலேயே வந்துவிட்டது. தொடர் போட்டிகளில் ஓர் ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே காத்திருக்கும் நேரத்தில் அவர் அணியின் சட்டையைக் கழற்றிவிடுவார். சட்டையைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளும் பெரியவர்கள், அதாவது வேறு பிள்ளைகளைப் பெற்றவர்கள், அவரைத் திட்டிக் கேலி செய்வார்கள் என்பதுதான் காரணம். அணியின் சட்டை அந்த வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய பெருமை என்பது உங்கள் மகனைப் பார்த்தால் தெரியும். அதை மறைக்க வேண்டிய நிலைக்கு ஒரு சிறுவனைத் தள்ளியவர்கள் யார் என்பதை எண்ணிப் பாருங்கள். 15 வயதில் அவரை மின்னசோட்டா மாநிலத்திலுள்ள ஷாட்டக்-செயின்ட் மேரீஸ் என்ற உறைவிடப் பள்ளிக்கு அனுப்பினார்கள்; பள்ளியில் எல்லாப் பிள்ளைகளையும் போல ஒரு மாணவனாக ஓராண்டு இருக்க முடிந்தது. 2005-ல் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் அணி அவரை முதலாவதாகத் தேர்ந்தெடுத்தபோது அவர் தனி வீடு எடுத்துக்கொள்ளவில்லை. ஹாக்கி மேதையும் அந்த அணியின் உரிமையாளருமான மாரியோ லெமியூவின் குடும்பத்தோடு அவர்கள் வீட்டிலேயே பல ஆண்டுகள் வாழ்ந்தார். அண்மையில் சான் ஹோசேயில் இளம் வீரர் மாக்லின் செலப்ரினி தம் முதல் பருவத்தில் முன்னாள் வீரர் ஜோ தார்ன்டனின் வீட்டில் தங்கியதும் இதே வழிதான். இந்த ஏற்பாட்டின் மதிப்பை நான் மிகைப்படுத்தவில்லை. தானும் 18 வயதில் இதே சுமையைத் தூக்கிய ஒருவர் காலையில் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்திருப்பதற்கு ஈடான உதவி குறைவு.

2005-ல் ஒரு புதிய வாசலும் திறந்தது. ஜான் டவாரெஸ் என்ற சிறுவனுக்காக ஒன்டாரியோ லீக் 'விதிவிலக்கான வீரர்' என்ற தகுதியை உருவாக்கியது. 16 வயதில்தான் முழுநேரமாக ஆடலாம் என்ற விதியிலிருந்து ஓராண்டு தளர்வு. விண்ணப்பிக்கும் பிள்ளையின் ஆட்டத்தை மட்டும் பார்ப்பதில்லை. படிப்பு, மனமுதிர்ச்சி, குடும்பச் சூழல் எல்லாவற்றையும் ஆராய்ந்துதான் தருகிறார்கள். டவாரெஸ், ஆரன் எக்பிளாட், கானர் மெக்டேவிட், கானர் பெடார்ட் ஆகிய நால்வரும் இந்தத் தகுதி பெற்று, பின்பு என்.எச்.எல். டிராஃப்டிலும் முதலாவதாக வந்தார்கள். இந்த நான்கு பெயர்களைத்தான் எல்லோரும் சொல்வார்கள். 2013-ல் அதே தகுதி பெற்ற ஷான் டே 2016 டிராஃப்டில் 81ஆவதாகத் தேர்வாகி, என்.எச்.எல்.லில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்களே ஆடினார். 81ஆவதாகத் தேர்வாவது உலகத்தில் தம் வயதுப் பிள்ளைகளில் மிகச் சிலருக்கே கிடைக்கும் இடம். 2017-ல் விண்ட்சர் அணியோடு, கனடிய ஜூனியர் லீக்குகளின் உச்சப் பரிசான மெமோரியல் கோப்பையும் வென்றார். ஆனால் 15 வயதில் ஒட்டப்பட்ட அந்தச் சொல்லால், அவருடைய உண்மையான வெற்றிகளும் ஏமாற்றங்களாகவே எழுதப்பட்டன. தகுதியைத் தரும் குழு நல்ல எண்ணத்தோடுதான் செயல்படுகிறது என்று நம்புகிறேன். மனமுதிர்ச்சியைச் சோதித்துவிட்டுச் சுமையை ஏற்றுவது சுமையைக் குறைப்பதாகாது என்பதே என் கருத்து.

இந்த விஷயத்தில் ஒருவரைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்: கியூபெக்கைச் சேர்ந்த அலெக்சாந்தர் டேக். 1992-93 பருவத்தில் கியூபெக்கிலுள்ள விக்டோரியாவில் (Victoriaville) என்ற ஊரின் ஜூனியர் அணிக்காக 53 ஆட்டங்களில் 137 புள்ளிகள் (கோலும் அசிஸ்ட்டும் சேர்ந்த கணக்கு) குவித்தார். 1993 ஜூனில் ஒட்டாவா செனட்டர்ஸ் அவரை முதலாவதாக எடுத்து, ஐந்து ஆண்டுகளுக்கு 1.225 கோடி டாலர் ஒப்பந்தம் தந்தது. ஓர் ஆட்டம்கூட ஆடாத 18 வயதுப் பையனுக்கு அதுவரை கேள்விப்படாத தொகை. ஊடகத்துக்கு முன் அவர் உற்சாகத்தில் ஒரு வாக்கியம் சொன்னார்: முதலிடத்தில் தேர்வானது மகிழ்ச்சி, இரண்டாவது ஆளை யாரும் நினைவில் வைப்பதில்லை. அந்த இரண்டாவது ஆள் கிறிஸ் பிராங்கர். பின்னாளில் என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையும், 2015-ல் ஹாக்கி புகழ்மன்ற இடமும் பெற்றவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் டேக்கின் பெயர் வரும் இடமெல்லாம் அந்த வாக்கியம் பின்தொடர்கிறது. பதினெட்டு வயதில் நாம் என்னென்ன பேசினோம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை என்பது நமக்குக் கிடைத்த பேறு.

அவர் போய்ச் சேர்ந்த அணி அதற்கு முந்தைய பருவத்தில் 84 ஆட்டங்களில் வெறும் 10 வெற்றி கண்ட அணி. அங்கே முதல் பருவத்தில் அவர் எடுத்தது 20 கோல், 31 அசிஸ்ட் (பிறர் கோலடிக்க உதவியது), மொத்தம் 51 புள்ளிகள். ஏமாற்றம் என்றார்கள். 1998-ல் வேறு அணிக்கு மாற்றப்பட்டார், பிறகு இன்னும் இரண்டு அணிகள், 25 வயதில் ஆட்டத்தையே விட்டு விலகினார். இரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து, 2003-04 பருவத்தில் மின்னசோட்டா அணிக்காக ஆடியபோது அவர் எடுத்தது 20 கோல், 31 அசிஸ்ட், 51 புள்ளிகள். எண்ணுக்கு எண் அதே கணக்கு. அந்த ஆண்டு மின்னசோட்டா அணியின் அதிகப் புள்ளி எடுத்தவர் அவர். மீண்டெழுந்தவர் என்று பாராட்டினார்கள். ஆட்டம் ஒன்றே, எண்கள் ஒன்றே. 1993-ல் ஒரு தொகையும் ஒரு கனவும் அந்த எண்களுக்குப் பக்கத்தில் நின்றன. 2003-ல் அவை இல்லை. அவர் மொத்தம் 616 என்.எச்.எல். ஆட்டங்கள் ஆடினார். அதைத் தோல்வி என்று அழைப்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. அவருடைய ஒப்பந்தத்தைப் போன்றவை மீண்டும் வராமல் இருக்க, 1995-ல் புதியவர்களின் ஊதியத்துக்கு லீக் உச்சவரம்பு வைத்தது. பணத்துக்கு உச்சவரம்பு வந்தது, எதிர்பார்ப்புக்கு வரவில்லை.

டிராஃப்ட் முறையிலேயே ஒரு கொடுமை ஒளிந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதை எளிதில் கவனிப்பதில்லை. கடைசியில் முடித்த அணிகளுக்கே முதல் தேர்வு கிடைக்க அதிக வாய்ப்பு. டேக்குக்காக ஒட்டாவா வேண்டுமென்றே தோற்றதா என்ற சந்தேகத்தை லீக் விசாரித்து, ஆதாரம் இல்லை என்று முடித்தது. அதன் பிறகு 1995 முதல் குலுக்கல் முறை வந்தது. குலுக்கலிலும் பலவீனமான அணிகளின் பக்கமே தராசு சாய்கிறது. ஆகவே மிகப் பெரிய எதிர்பார்ப்போடு வரும் பையன், அவனுக்கு உதவக்கூடிய சக வீரர்கள் மிகக் குறைவாக உள்ள அணிக்கு, பல ஆண்டுகளாகத் தோல்வியைப் பார்த்துச் சலித்த ரசிகர்களிடம் போய்ச் சேருகிறான். ரெஜைனாவில் 57 ஆட்டங்களில் 143 புள்ளிகள் எடுத்த பெடார்ட் 2023-ல் சிகாகோவுக்குப் போனபோதும் இதுவே நடந்தது. முதல் பருவத்தில் தாடை எலும்பு முறிந்தும் அவர் சிறந்த புதுமுக வீரர் விருதை வென்றார். அடுத்த பருவத்திலேயே அவர் சொன்ன அளவுக்குச் சிறந்தவர்தானா என்ற விவாதம் தொடங்கிவிட்டது. மெக்டேவிட் 2024 ஸ்டான்லி கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகளின் சிறந்த வீரர் விருதைத் தோற்ற அணியிலிருந்து பெற்றார். அதைப் பெற்றுக்கொள்ள அவர் அரங்குக்குத் திரும்பி வரவில்லை. 14 வயதில் அவரோடு ஒட்டிக்கொண்ட எதிர்பார்ப்பு 27 வயதிலும் கோப்பை எங்கே என்றே கேட்டுக்கொண்டிருந்தது.

ஷேன் ரைட்டின் கதை இன்னும் சமீபத்தியது. 2019-ல் விதிவிலக்குத் தகுதி பெற்று கிங்ஸ்டன் அணியில் ஆடியவர். 2022 டிராஃப்டின் முதல் பெயர் இவர்தான் என்று மூன்று ஆண்டுகள் எழுதினார்கள். இடையில் கோவிட் காரணமாக ஒன்டாரியோ லீக்கின் 2020-21 பருவம் முழுதும் ரத்தானது. வளர்ச்சியின் முக்கியமான ஓராண்டை இழந்தார். 2022 ஜூலையில் மான்ட்ரியலின் பெல் சென்டரில் முதல் தேர்வை வைத்திருந்த மான்ட்ரியல் அணி, ஸ்லோவாக்கியாவின் யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கியின் பெயரை அறிவித்தது. ரைட் இருக்கையில் காத்திருந்தார். இரண்டாவது, மூன்றாவது பெயர்களும் வேறாக இருந்தன. நான்காவதாக சியாட்டில் அழைத்தபோது மேடைக்குப் போனவர் மான்ட்ரியல் நிர்வாகிகளின் மேசையை நோக்கி முறைத்தார் என்று அந்தச் சில நொடிக் காட்சியை உலகமே அலசியது. உலகத்தின் நான்காவது சிறந்த இளைஞனாகத் தேர்வான நாளை 18 வயதுப் பையன் அவமான நாளாக அனுபவிக்க நேர்ந்தது என்றால், பிழை அவனிடம் இல்லை. சியாட்டில் அதன் பிறகு செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது. அவசரப்படவில்லை, 2023-24 பருவத்தின் பெரும்பகுதியைக் கீழ்நிலையான அமெரிக்கன் ஹாக்கி லீகில் ஆட விட்டார்கள். 2024-25-ல் அவர் 19 கோல்களோடு நிலையான என்.எச்.எல். வீரராகிவிட்டார்.

சமூக ஊடகம் இதையெல்லாம் வேறொரு அளவுக்குக் கொண்டுபோய்விட்டது. 2019 ஜனவரி 2 அன்று வான்கூவரில் உலக ஜூனியர் காலிறுதி. பின்லாந்துக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் கனடாவுக்குப் பெனால்டி ஷாட் கிடைத்தது. அணித் தலைவர் மாக்ஸிம் கோம்துவா அடித்த ஷாட்டை கோல்கீப்பர் தடுத்தார். பின்லாந்து அடுத்து கோல் அடித்து வென்றது. அன்றிரவே அவருடைய இன்ஸ்டாகிராமில் வசவுகள் குவிந்தன. தோளில் காயத்தோடுதான் அந்தப் போட்டியை ஆடினார் என்பது பிறகுதான் தெரிந்தது. 2004-ல் ஹெல்சிங்கியில் நடந்த இறுதி ஆட்டத்திலோ, கனடாவின் கோல்கீப்பர் மார்க்-ஆந்த்ரே ஃப்ளூரி வெளியே தட்டிய பக் (ஆட்டத்தின் ரப்பர் வட்டு) சொந்த அணி வீரர்மீதே பட்டு வலைக்குள் போய், அமெரிக்காவுக்குக் கோப்பையைத் தந்தது. ஃப்ளூரிக்கும் அப்போது 19 வயதுதான். நாடே வருந்தியது, நாளிதழ்கள் எழுதின. ஆனால் அவர் கையில் பல்லாயிரம் பேர் நேரடியாக வந்து திட்டக்கூடிய ஒரு கருவி இருக்கவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து ஸ்டான்லி கோப்பை இறுதி ஆட்டத்தின் கடைசி நொடிகளில் பாய்ந்து ஒரு ஷாட்டைத் தடுத்து கோப்பையை வென்றார்.

அந்த 2004 கோல் யாருடைய பெயரில் பதிவானதோ, அந்த அமெரிக்க வீரர் பேட்ரிக் ஓ'சல்லிவனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தன் நிறைவேறாத ஹாக்கிக் கனவை மகன்மீது ஏற்றிய தந்தையால் சிறுவயது முதல் பல ஆண்டுகள் அடித்துத் துன்புறுத்தப்பட்டவர் அவர். 16 வயதில் எதிர்த்து நின்றார், தந்தை கைதானார். ஆட்டத்திலிருந்து விலகிய பின் அவர் பகிரங்கமாக எழுதியதில் என்னை உலுக்கியது, சுற்றியிருந்த பெரியவர்கள் கண்டும் காணாமல் இருந்தார்கள் என்ற பகுதிதான். பையன் நன்றாக ஆடிக்கொண்டிருந்தான். ஆகவே யாரும் கேட்கவில்லை. என்.எச்.எல். வீரராக வளர்ந்த ஷெல்டன் கென்னடியை அவருடைய ஜூனியர் பயிற்சியாளர் கிரஹாம் ஜேம்ஸ் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியது 1997-ல் நீதிமன்றத் தண்டனையில் முடிந்தபோதும் இதே மௌனம் வெளிவந்தது: பிள்ளையின் எதிர்காலம் முழுதும் ஒருவர் கையில் இருக்கிறது என்று எல்லோரும் நம்பும்போது, பிள்ளை அவரைப் பற்றி யாரிடமும் பேச முடிவதில்லை. 2014-ல் ஒன்டாரியோ லீகின் 20 வயது வீரர் ஒருவர் அணியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட பின் உயிரை மாய்த்துக்கொண்டார். அதே ஆண்டு அந்த லீக், கனடிய மனநலச் சங்கத்தின் ஒன்டாரியோ பிரிவோடு சேர்ந்து, அணிதோறும் மனநல உதவிக்கு ஒருவரைத் தொடர்புபடுத்தி வீரர்களுக்குப் பயிற்சியும் தரும் திட்டத்தைத் தொடங்கியது. அது நல்ல தொடக்கம். ஆனால் அது 16 வயதில் லீகுக்குள் வந்த பிறகு கிடைக்கும் உதவி. உங்கள் மகனின் வயதில் அந்த வேலை முழுதும் உங்கள் வீட்டில்தான் நடந்தாக வேண்டும்.

13 வயதுத் தரவரிசை எவ்வளவு நம்பத்தக்கது என்பதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். ஹாக்கியில் வயதுப் பிரிவு ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடப்படுகிறது. 1980களில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற கனடிய உளவியலாளர், உயர்நிலை ஜூனியர் அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறிக் குவிந்திருப்பதையும், கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் அருகியிருப்பதையும் காட்டினார். பத்து மாதம் மூத்தவன் பெரிய உடலோடு இருக்கிறான். பெரியவனைத் திறமைசாலி என்று எடுத்துக்கொண்டு அவனுக்கே நல்ல பயிற்சியும் அதிக ஆட்ட நேரமும் தருகிறார்கள். உடலோடு மோதித் தடுப்பது கனடாவில் 13, 14 வயதுப் பிரிவில்தான் தொடங்குகிறது. ஒரே அணியில் மீசை அரும்பியவனும் குரல் உடையாதவனும் சேர்ந்து ஆடும் வயது அது. எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். என்.எச்.எல். டிராஃப்டில் பாவெல் டாட்சுக் 171ஆவதாகவும், ஹென்ரிக் செட்டர்பெர்க் 210ஆவதாகவும் தேர்வானவர்கள். மார்ட்டின் செயின்ட் லூயியை யாருமே தேர்ந்தெடுக்கவில்லை. மூவரும் ஸ்டான்லி கோப்பை வென்றார்கள். அமெரிக்காவின் ஹாக்கி அமைப்பு 12 வயதுப் பிரிவுக்கான தேசியச் சாம்பியன் போட்டியையே 2009-ல் கைவிட்டது. அதனால் அந்த நாட்டின் ஹாக்கி நலிந்துவிடவில்லை. அதற்குப் பின் உலக ஜூனியர் தங்கத்தைப் பலமுறை வென்றிருக்கிறது.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். சாப்பிட மறுப்பதையும் மௌனத்தையும் 'ஆட்டத்துக்கு முந்தைய பதற்றம்' என்று ஒதுக்கிவிடாதீர்கள். மாதக்கணக்கில் நீடித்திருப்பதால் குடும்ப மருத்துவரிடம் சொல்லுங்கள், தேவையானால் பதின்ம வயதினரோடு பழகிய உளவியலாளரிடம் அவர் அனுப்பிவைப்பார். உங்களிடம் பேச முடியாததை அவன் கனடியப் பிள்ளைகளுக்கான கிட்ஸ் ஹெல்ப் போன் உதவிச் சேவையில் பேசலாம் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கட்டும். அவனிடம் கேட்கும்போது ஹாக்கியிலிருந்து தொடங்க வேண்டாம். காரில் ஆட்டத்தை அலசுவதை முழுவதும் நிறுத்திவிடுங்கள். அவனாகப் பேசினால் கேளுங்கள், இல்லாவிட்டால் பசிக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். தரவரிசைத் தளங்களை நீங்களும் பார்க்க வேண்டாம், ஏனென்றால் நீங்கள் பார்த்தீர்கள் என்பதை அவன் உங்கள் முகத்தில் படித்துவிடுவான். கோடையில் வேறு விளையாட்டு ஆடட்டும். கிரெட்ஸ்கி கோடைகளில் பேஸ்பாலும் லக்ராஸும் ஆடி வளர்ந்தவர்.

உறவினர்களிடம் நீங்கள் பேசித்தான் ஆக வேண்டும், அவனை அந்த வேலைக்கு அனுப்பக் கூடாது. மாமாவும் சித்தியும் பெருமையில் சொல்கிறார்கள், கெட்ட எண்ணம் இல்லை என்பது உண்மை. இருந்தாலும் நம் சமூகத்திலிருந்து இந்த விளையாட்டில் மேலே வரும் பிள்ளைகள் குறைவு என்பதால், அவன் தன்னை மட்டுமல்லாமல் நம் எல்லோரையும் சுமக்க வேண்டியவனாகிவிடுகிறான். "அடுத்த" என்று யார் பெயரையும் அவன்மேல் வைக்க வேண்டாம் என்று அவன் எதிரிலேயே ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள். நீங்கள் அவன் பக்கம் நிற்கிறீர்கள் என்பதை அவன் கேட்பது முக்கியம்.

தொலைபேசியில் அழைத்த ஆலோசகரைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். ஒன்டாரியோ லீகின் டிராஃப்ட் வருவதற்கு அவனுக்கு இன்னும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. இப்போது ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடுவதற்கு அவசியம் எதையும் நான் காணவில்லை. இன்று கையெழுத்திடாவிட்டால் வாய்ப்பு போய்விடும் என்று அவர் சொன்னால், அவரை விலக்குவதற்கு அதுவே போதுமான காரணம். சூழலும் மாறியிருக்கிறது. முன்பு கனடிய ஜூனியர் லீகில் ஆடியவர்களுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழக ஹாக்கியின் கதவு அடைபட்டிருந்தது, அதனால் 15, 16 வயதிலேயே குடும்பங்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. 2025-26 பருவம் முதல் அந்தத் தடை நீங்கிவிட்டது. ஜூனியர் லீகில் ஆடிவிட்டு 19 வயதில் பல்கலைக்கழகம் போகலாம், நேரே பள்ளி வழியாகவும் போகலாம். தாமதமாக வளரும் பிள்ளைக்கு இதைவிட நல்ல செய்தி அண்மைக் காலத்தில் வந்ததில்லை. 13 வயதில் அவசரப்படுத்தும் வாதங்களில் பாதி இதோடு வலுவிழந்துவிட்டன.

அடுத்த பருவத்துக்கான அணித் தேர்வுகள் வசந்தகாலத்தில் வரும். அதற்கு முன் அவனைத் தனியே அழைத்து, இதே அணியில் தொடர விருப்பமா, நண்பர்கள் இருக்கும் வேறு அணிக்குப் போக விருப்பமா, ஒரு படி கீழான ஏஏ பிரிவில் ஓராண்டு ஆடிப் பார்க்க விருப்பமா என்று கேளுங்கள். எந்தப் பதிலையும் முகம் மாறாமல் ஏற்றுக்கொள்ள உங்களுக்கும் அவன் அம்மாவுக்கும் மனம் இருந்தால் மட்டும் கேளுங்கள். முதலில் நீங்கள் இருவரும் ஒரு மாலை உட்கார்ந்து, அவன் கீழே இறங்குகிறேன் என்று சொன்னால் என்ன செய்வோம் என்பதைப் பேசி முடித்துவிடுங்கள். ஓராண்டு ஏஏ பிரிவில் ஆடியவன் 15 வயதில் மீண்டும் மேலே வர வழி இருக்கிறது. சாப்பிட்டு, தூங்கி, விரும்பி ஆடும் பையனாக அவன் அந்த ஓராண்டில் மாறினால், அந்த வழியை அவனே தேடிக்கொள்வான்.